மூன்று கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்று தமிழ்நாடெங்கும் மரக்கன்று நடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், இளைஞர் மன்றத்தினர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என எல்லோரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றிலும் அதைச் சூழ்ந்த காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைக் கரிசலிலும் அது வைகாசியின் கடைசி. இங்கே நம்பக்கூடிய மழை ஐப்பசியில்தான் இறங்கும். இடையில் ஒன்றிரண்டு இடிமழை கிடைக்கலாம். ஆடிக்காற்று அந்த ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஆனி முதல் புரட்டாசி வரை குடம் சுமப்பது யார் என்று பேசி முடிக்காமல் நடும் கன்று, நட்ட அன்றே பாதி பட்டுப்போனதுதான்.

கரிசல் மண்ணின் குணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பங்குனி, சித்திரையில் கை நுழையும் அகலத்துக்குப் பாளம் பிளக்கும்போது இளவேர்களும் அறுந்துபோகும். தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. தூரைச் சுற்றிச் சருகோ வைக்கோலோ பரப்ப வேண்டும், வெடிப்பை மண் தள்ளி மூட வேண்டும், ஆடு கடிக்காமல் முள் கட்ட வேண்டும். மானாவாரிக் குடும்பத்துக்கு ஆடுதான் கையிருப்பு. எனவே ஆட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை, கட்டிய முள் பிரியாமல் பார்ப்பதே வழி. வேம்பும் புங்கனும் இப்படி மூன்று கோடை தாண்டிவிட்டால் பிறகு யார் தயவும் அவற்றுக்கு வேண்டாம். மல்லாங்கிணறு எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர். அவருடைய ‘நெடுங்குருதி’யைப் படித்தவர்களுக்கு இந்த நிலத்து வெயிலை நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவது ஒரு காலை நேரத்து வேலை, காப்பது ஆயிரம் நாள் வேலை. தன்னார்வத்தைப் பற்றிப் பேசும்போது நாம் முதல் வேலையை மட்டும் கொண்டாடிவிட்டு இரண்டாவதை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிடுகிறோம்.

மல்லாங்கிணறு போன்ற பேரூராட்சிகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. பக்கத்துக் கிராம ஊராட்சியில் கிராம சபை கூடும். ஏரிக்கரையிலோ பள்ளிச் சுவரோரமோ நட்ட கன்றைப் பற்றி அங்கே எழுந்து கேட்கலாம். நூறு நாள் வேலையில் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றியவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. பேரூராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால் கிராம சபையும் கிடையாது, ஊரக வேலைத் திட்டமும் கிடையாது. மாநகராட்சிக்கு இருக்கும் பூங்காத் துறை, லாரிகள், நிதி எதுவும் இங்கே இல்லை. தெருவைப் பார்த்தால் கிராமம், அரசு ஏட்டில் நகர்ப்புறம். எனவே பெருநகரத்துக் குடியிருப்போர் சங்கத்தின் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

பசுமையும் பாதுகாப்பும் வேறுவேறு காரியங்கள் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பாரற்றுக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் குப்பையை அகற்றிப் புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்ததாக 2018இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. மாதந்தோறும் ஆள் வந்து புல் வெட்டிக் குப்பை எடுத்ததும் அந்தத் திட்டத்தின் ஓர் அங்கம். இந்த இடத்தை ஒருவர் கவனிக்கிறார் என்பது தெருவுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

நம் ஊரில் துப்பாக்கி இல்லை. ஆனால் சீமைக்கருவேலம் மண்டிய ஓடைக்கரை உண்டு, விளக்கு எரியாத ஊருணி மேடு உண்டு, கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு உண்டு. விடியும் முன்பே மில் வேனுக்காகப் பெண்கள் நிற்கும் திருப்பத்தில் புதர் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது என்பது அவர்களுடைய அன்றாடப் பயத்தின் அளவு. அந்தப் புதரை வெட்டி, கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு, நிழலுக்கு ஒரு புங்கனை வளர்ப்பது பசுமை வேலையா பாதுகாப்பு வேலையா என்று பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சீமைக்கருவேலம் என்றதும் பொக்லைன் கொண்டுவந்து ஒரே நாளில் தீர்த்துவிடலாம் என்ற உற்சாகம் பிறக்கிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இதை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக அந்த உற்சாகத்தைப் பார்த்தோம். மேலே வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். தூரோடு பிடுங்கினாலும், ஆடு தின்ற நெற்று புழுக்கையோடு விழுந்து மறுபடி முளைக்கும். அந்த இடத்தில் வேறு மரம் நின்று நிழல் விழும்வரை வருடா வருடம் முளைச்செடியைப் பிடுங்க வேண்டும். அதோடு, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த மரம்தான் சோறு. அவர்களைக் கூட்டி வைத்துப் பேசாமல் எதையும் தொடக்கூடாது என்பது என் கருத்து. எந்தக் கண்மாயில் எந்தப் பகுதியை எந்த வருடம் வெட்டுவது, அந்த விறகு யாருக்கு, பிறகு என்ன நடுவது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. வெட்டிய முள்ளே புதுக்கன்றுக்கு வேலியாகும்.

இதையெல்லாம் பேசும்போது குடிமராமத்தைப் பெருமையோடு எடுத்துச் சொல்வது நம் வழக்கம். கண்மாய் வரத்துக்கால் தூர்வாரவும் கரை உயர்த்தவும் ஊரே திரண்டது உண்மைதான். ஆனால் கண்மாய்த் தண்ணீரில் பங்கு உள்ளவர் அந்தப் பங்குக்கு ஏற்ப வேலை செய்தார் என்பதே அதன் அடிப்படை. முழுக்க விருப்பத்தால் வந்ததல்ல. ஆள் அனுப்பத் தவறியவர்களை வழிக்குக் கொண்டுவரவே 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க மடையில் நின்று தண்ணீர் பிரித்த நீர்பாய்ச்சி பெரும்பாலும் நிலமில்லாதவர், பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். உழைப்பு ஒரு தெருவிலும் விளைச்சல் இன்னொரு தெருவிலும் இருந்தன. 2017இல் 100 கோடி ரூபாயில் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டெடுத்தபோது பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. பங்களிப்பைக் கேட்ட அளவுக்குப் பங்குரிமையைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

என் வாதம் இதுதான்: பங்கு இல்லாத இடத்தில் தன்னார்வம் நிலைக்காது. பேரூராட்சி சாலையோரப் புளியமரத்து மகசூலை ஏலம் விடுகிறது. ஒரு தெரு மூன்று கோடை காத்து வளர்த்த மரத்தின் பலனில் அந்தத் தெருவுக்கு முதல் உரிமை என்று ஒரு தீர்மானம் போட்டால், அதைக் காக்க வேறு ஆள் தேட வேண்டியிருக்காது.

தினமும் தண்ணீர் ஊற்றும் வேலைக்குக் கூலி கொடுப்பதும் அவசியம். தன்னார்வம் என்றாலே காசில்லாத வேலை என்று ஆகிவிட்டதால், அந்தச் சுமை கடைசியில் பெண்கள் தலையிலும் தூய்மைப் பணியாளர் தலையிலும் விழுகிறது. 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகளைத் திரட்டிக் குப்பைப் பிரச்சினையைக் கையில் எடுத்த இயக்கம். அங்கே வீடுதோறும் மாதச் சந்தா பிரித்து, மூன்று சக்கர வண்டியோடு வந்து குப்பை எடுத்தவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தெருவாசிகளின் தன்னார்வம் ஒழுங்கு செய்வதிலும் கண்காணிப்பதிலும் இருந்தது. உடலுழைப்பை அவர்கள் இனாமாக வாங்கவில்லை. மல்லாங்கிணற்றில் ஒரு மகளிர் குழுவிடம் கன்றுகளை ஒப்படைத்து, உயிரோடு நிற்கும் கன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுப்பது பேரூராட்சிக்குத் தாங்க முடியாத செலவல்ல.

பாதுகாப்புத் தன்னார்வத்தில் எச்சரிக்கை வேண்டும். ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கம் 1993இல் பிறந்தது நம் தாய் மாவட்டமான ராமநாதபுரத்தில்தான். அப்போதைய காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கினார். மக்களும் காவலரும் ஒருவரை ஒருவர் அஞ்சாமல் பேச வேண்டும் என்ற நோக்கம் நல்லது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, நிலையத்தில் இருந்த தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் எங்கள் உறுப்பினர்கள் அல்லர் என்றது இயக்கம். ஜூலையில் அரசு தடை விதித்தது. சாதி மோதலின் தழும்பு ஆறாத மாவட்டங்களில் இளைஞர் கையில் தடியைக் கொடுத்து ராத்திரி ரோந்து அனுப்பினால், அது அடுத்த தெருக்காரரையும் காதலர்களையும் மறிக்கும் வேலையாக மாற அதிக நாள் ஆகாது. அக்கம்பக்கத்தாருக்கு மரத்தின் மீதும் கிணற்றின் மீதும் பொறுப்பும் உரிமையும் கொடுக்கலாம். மனிதர்கள் மீது அதிகாரம் கொடுக்கக்கூடாது.

மேலும், இங்கே ஆபத்து திருடன் உருவில் மட்டும் வருவதில்லை. 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர்ப் பகுதிக் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். குவாரியை மூடச் சொல்லி ஊர்மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கம் ஒன்றுகூடிக் கேள்வி கேட்பதும் தன்னார்வப் பணிதான். கன்று நடுவதைவிடக் கடினமான பணி. கன்று நடுகிறவரைப் பாராட்டிவிட்டுக் குவாரி உரிமத்தைக் காட்டச் சொல்கிறவரைத் தொல்லையாகப் பார்க்கும் நிர்வாகத்தின் கீழ் எந்த ஊரும் பாதுகாப்பாக இருக்காது.

கேட்பதற்கு இடம் இல்லாமலும் இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022இல் விதியாக வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே பகுதி சபையில் உட்கார்ந்தார். கரிசல்காட்டுக்கு நவம்பர் 1 ஐப்பசியின் நடுப்பகுதி. மண் ஈரமாக இருக்கும், குழி தோண்டச் சுலபம், பனங்கொட்டை ஊன்றினால் தண்ணீரே ஊற்ற வேண்டாம். ஜூன் 5ஐ விட்டுவிட்டு அந்த நாளை மல்லாங்கிணறு எடுத்துக்கொள்ளட்டும். பகுதி சபையைக் கூட்டி, போன வருடம் நட்டதில் நிற்பது எத்தனை என்று தெரு வாரியாகப் படித்துச் சொல்லட்டும். மூடாத கிணறுகளின் பட்டியலையும் எரியாத விளக்குகளின் பட்டியலையும் செயல் அலுவலர் முன்னால் வைக்கட்டும். மகளிர் குழுவுக்குக் கூலி பாக்கி இருந்தால் அங்கேயே கொடுத்துவிட்டு, அதன் பிறகு அந்த வருடத்துக் கன்றுக்குக் குழி தோண்டட்டும்.