கொல்லை வழி அடைபட்ட வீடுகள்



தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, பண்டாரவாடை, ராஜகிரி என நம் மக்கள் நிறைந்து வாழும் ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இவ்வூர்களின் பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியே நின்றன. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கொல்லை. திண்ணை ஆண்களுக்கும் வழிப்போக்கருக்கும் உரியது. அறுவடைக்கு வந்த பிற சமயத்து உழவரும் அங்கே அமர்ந்து மோர் குடித்துச் சென்றனர். கொல்லையோ பெண்களின் தெரு. வாசலுக்கு வராமலேயே அவர்கள் அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போய்வந்தனர். பிள்ளைப்பேறோ நோயோ மௌத்தோ, செய்தி முதலில் சென்றது அவ்வழியேதான்.

இன்று அதே இடத்தில் உயர்ந்த சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் நிற்கின்றன. முற்றத்தின் மேல் கான்கிரீட் கூரை. திண்ணை இருந்த இடத்தில் கார். குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பாலை வெயிலில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த சபுராளி, குடும்பம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றே சுவரை உயர்த்தினார். ஆனால் அச்சுவருக்குள் இருப்பவர் யார்? கணவர் துபாயில், மகன் சென்னையில். வீட்டில் முதிய தாயும் மருமகளும் மட்டுமே. ஆண்களுக்குப் பள்ளிவாசல் நாளுக்கு ஐந்து வேளை அண்டை அயலாரைக் காட்டித் தருகிறது. பெண்களுக்கு இருந்தது கொல்லை வழி ஒன்றே. அதை அடைத்துவிட்டுப் பர்தாவைக் காத்ததாக எண்ணிக்கொண்டோம். பர்தா குறையாமல் பழகுவதற்கு முன்னோர் கண்ட வழியைத்தான் நாம் அடைத்திருக்கிறோம்.

டெல்டாவுக்கு வெளியே ஒரு சான்று உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் நடந்துசெல்வதற்கென்றே முடுக்குகள் எனப்படும் குறுஞ்சந்துகள் உள்ளன. நாணமும் அண்டை உறவும் ஒரே தெருவமைப்பில் அடங்கும் என்பதை அவ்வூரார் செய்து காட்டியிருக்கின்றனர்.

புதிய 'நகர்'களில் நிலைமை இன்னும் கடினம். 2014-இல் மாநகராட்சியான தஞ்சாவூரைச் சுற்றி நஞ்சை நிலங்களில் மனைக்கற்கள் நடப்படுகின்றன. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பு போன்ற தொழில்களைத்தான் தடுக்கிறது, வீட்டுமனைகளை அன்று. மனை வாங்குவோர் சதுர அடி விலையையும் சாலையின் அகலத்தையும் விசாரிக்கின்றனர். பள்ளிவாசலின் தொலைவையும் கேட்கின்றனர். பக்கத்து மனை யாருடையது என்று கேட்பவர் அரிது. சூரத்துன் நிஸாவின் 36-ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாரோடு அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. முகமே அறியாதவருக்கு எந்த நன்மையைச் செய்வது?

பெரிய மனைப்பிரிவுகளில் பொது இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த இடம் முள்வேலிக்குள் புதர் மண்டிக் கிடக்காமல், பெண்களும் முதியோரும் மாலையில் அமரும் இடமாகும்படி அப்பகுதி ஜமாஅத்துகள் பிற சமயத்து அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு உள்ளாட்சியிடம் கேட்கலாம். திருமண மண்டபத்துக்குக் காட்டும் ஊக்கத்தில் பாதி இதற்குப் போதும்.

வீடு கட்டவிருக்கும் சகோதரர்கள் வரைபடத்தை முடிவுசெய்யுமுன் வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை காட்டட்டும். பக்கத்து வீட்டார் சம்மதித்தால், பின்சுவரில் ஒரு கதவுக்கு இரண்டரை அடி இடம் போதும்.