கொக்குக்குக் கண்ணி வைக்கலாமா?

கொக்கைப் பிடிக்க ஒருவன் அதன் தலையில் வெண்ணெய் வைத்தானாம். வெண்ணெய் உருகிக் கண்ணை மறைத்ததும் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தானாம்! இது சிரிப்பதற்குச் சொன்ன கதை.

இன்று சிலர் வயலில் கண்ணி வைத்துக் கொக்கைப் பிடிக்கிறார்கள். கறிக்கு விற்கிறார்கள். இது சிரிக்கக் கூடிய செய்தி அல்ல.

இரண்டு வகை

நம் ஊர் வெள்ளைக் கொக்குகளில் இரண்டு வகை மிகவும் பழக்கமானவை.

கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் கொண்டது சின்னக் கொக்கு. ஆழம் இல்லாத தண்ணீரில் நின்று காலால் சேற்றைக் கலக்கும். மிரண்டு ஓடும் மீனை 'லபக்' என்று கொத்தும்.

மஞ்சள் அலகு உடையது உண்ணிக்கொக்கு. மாடு மேயும் இடத்தில் இதைக் காணலாம். மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்னும். வயலில் உழவு நடந்தால் பின்னாலேயே வரும். கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கும் வேலைக்காரன் இது!

இறகுக்கு வந்த ஆபத்து

முட்டையிடும் காலத்தில் சின்னக் கொக்கின் முதுகிலும் மார்பிலும் பட்டு நூல் போன்ற இறகுகள் வளரும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியப் பெண்கள் இந்த இறகைத் தொப்பியில் சூடினார்கள். அதற்காகக் கொக்குகள் ஏராளமாகக் கொல்லப்பட்டன. தாய் செத்தது, கூட்டில் குஞ்சும் பட்டினியால் செத்தது. 1902-ல் இந்தியாவிலிருந்து பறவை இறகு ஏற்றுமதி செய்வது தடை செய்யப்பட்டது.

வேடந்தாங்கல் காட்டும் வழி

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில், ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கொக்குகள் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து பயிருக்கு உரமாகிறது. இதை அறிந்த ஊர் மக்கள், சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே பறவைகளைக் காத்தார்கள். பறவைகளைச் சுட வந்தவர்கள் மீது வெள்ளைக்கார அதிகாரிகளிடம் முறையிட்டார்கள்.

படிப்பு அதிகம் இல்லாத அந்த உழவர்களுக்குத் தெரிந்தது, இன்று நமக்குத் தெரியாமல் போகலாமா?

1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கை வேட்டையாடுவது குற்றம். ஆனால், சட்டம் மட்டும் போதாது. வாங்குகிறவர் இருக்கும் வரை விற்கிறவரும் இருப்பார். கொக்குக் கறி வேண்டாம் என்று வீட்டில் தாய்மார்கள் சொல்லிவிட்டால், கண்ணி தானாகவே மறைந்துவிடும்.

ஒரு வேளைக் குழம்புக்காக, கூட்டில் காத்திருக்கும் குஞ்சுகளைப் பட்டினி போடுவது நியாயம்தானா?