கொடுத்து வைத்த சாவா அது?

"கயிலாயத்துக்கே போய் உயிரை விட்டார். கொடுத்து வைத்தவர்!"

என் நண்பரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த பலரும் இப்படித்தான் சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனாலும் ஒரு வைத்தியனாக என்னால் அதை ஏற்க முடியவில்லை. தடுத்திருக்கக்கூடிய மரணம் அது.

2014-இல் காத்மாண்டு வழியாகக் கயிலாய யாத்திரை போன குழுவில்தான் அவரைச் சந்தித்தேன். திருநெல்வேலிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவர். 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவேன். யாருக்குத் தலைவலி என்றாலும் சுக்குப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, "வைத்தியரே, உங்க தொழிலை நான் பாத்துக்கிறேன், நீங்க சும்மா உக்காருங்க" என்று சிரிப்பார். ஊர் திரும்பிய பிறகும் நட்பு தொடர்ந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுக் கருப்பட்டி வந்துவிடும்.

2018-இல் மறுபடியும் போனார். அந்த முறை நான் போகவில்லை. வழியில் இரண்டு நாளாக வறட்டு இருமல். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியிருக்கிறது. "வெளியே சொன்னா கீழே இறக்கி விட்டுருவாங்க, பேசாம இரு" என்று கூடப் போன மதினியின் வாயை அடைத்துவிட்டார். கற்பூரத்தை முகர்ந்துகொண்டே மேலே ஏறியிருக்கிறார்.

சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: கற்பூரம் மூக்குக்குக் குளிர்ச்சி தரும், மூச்சு தாராளமாகப் போவது போலத் தோன்றும். அவ்வளவுதான். ரத்தத்தில் பிராணவாயுவை அது துளிகூடக் கூட்டாது.

காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். மானசரோவர் சுமார் 4,590 மீட்டர். டோல்மா கணவாயோ 5,600 மீட்டருக்கும் மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு பழகுவதற்குள் மேலே ஏறினால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல் மருந்து, உடனே கீழே இறங்குவதுதான். முன்பு ஒருமுறை நல்லபடியாகப் போய் வந்தோமே என்கிற தைரியமும் உதவாது.

சில ஆண்டுகள் நின்றிருந்த யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியது. போகிறவர்களே, அவசரமாக ஏற்றிக்கொண்டு போகாமல், நடுவில் தங்கி உடம்பைப் பழக்க நாள் ஒதுக்கும் குழுவில் சேருங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தலைவலி, குமட்டல் இருந்தால் அது தீரும்வரை மேலே ஏறாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, ராத்திரியானாலும் இறங்கிவிடுங்கள்.

கூடப் போகும் மனைவிமார்களே, பிள்ளைகளே! அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, குழுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாதி வழியில் திரும்பியவரைச் சிவன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். அண்ணாச்சி திரும்பியிருந்தால், இந்தப் பொங்கலுக்கும் எனக்குக் கருப்பட்டி வந்திருக்கும்.