ஓசோன் இயந்திரமும் காய்கறித் தோட்டமும்

காய்கறிகளை ஓசோன் கலந்த நீரிற் கழுவுதற்கான சிறு இயந்திரங்கள் இப்போது விற்பனைக்கு உள்ளன. இவற்றை வாங்கலாமா எனக் கமக்காரர் சிலர் வினவுகின்றனர். "வேலை முடிந்ததும் ஓசோன் ஒட்சிசனாக மாறிவிடும், ஆதலால் தீங்கில்லை" என்பது விற்போர் கூறும் நியாயமாகும். இதன் முற்பாதி உண்மை. பிற்பாதியை நான் ஏற்கவில்லை.

ஓசோன் மூன்று ஒட்சிசன் அணுக்கள் கூடிய வாயு. அவற்றுள் ஓரணு எளிதிற் பிரிந்து எதிர்ப்பட்ட பொருளை ஒட்சியேற்றும். கிருமிகளைக் கொல்வது இவ்வியல்பே. பிரான்சு நாட்டின் நீசு நகரில் 1906ஆம் ஆண்டிலேயே குடிநீரைச் சுத்திகரிக்க இது பயன்பட்டது. ஆகவே இது பயனற்றதென்று கூற வரவில்லை. ஆனால் கிருமியை எரிக்கும் வாயு மனிதரின் சுவாசப்பையைக் கண்டு விலகிச் செல்வதில்லை.

அமெரிக்கத் தொழிற்சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் சராசரி அளவு, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 0.1 பங்கு மாத்திரமே. 5 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்தெனக் கொள்ளப்படுகின்றது. களஞ்சியத்து வண்டுகளை ஓசோனாற் கொல்லலாமென்பாரும் உளர். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்விற் சோளத்திலுள்ள வண்டுகளைக் கொல்ல 50 பங்கு வாயுவை மூன்று நாட்கள் செலுத்தினர். வீட்டோடு சேர்ந்த நெல் அறையில் இதைச் செய்ய எண்ணுவது பேதைமை.

ஓசோன் காற்றிலும் பாரமானது. மூடிய அறையில் நிலத்தருகே தங்கும். நம் பெண்கள் குந்தியிருந்து காய்கறி கழுவுவதும் அவ்விடத்திலேயே. முதலில் அதன் காரமணம் எச்சரிக்கும். சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். மணம் மறைந்தமை வாயு அகன்றதற்குச் சான்றன்று.

இதனினும் எனக்குக் கவலை தருவது வேறொன்று. மருந்து தெளித்த மறுநாளே தக்காளியையும் பயிற்றங்காயையும் பறித்து, ஓசோன் நீரிற் கழுவிச் சந்தைக்கு அனுப்பலாமென்ற எண்ணம் பரவலாகாது. செடியின் உள்ளே ஊடுருவிய பூச்சிநாசினியை எந்தக் கழுவலும் எடுக்காது. மேலும், மலத்தியன் போன்றவை ஓசோனால் ஒட்சியேறும்போது மலாக்சன் என்னும், மூலத்தினும் கொடிய நஞ்சு இடையிற் தோன்றும். மருந்துப் போத்தலின் சுட்டியிற் குறித்த நாட்கள் கழிந்த பின்னரே அறுவடை செய்தல் வேண்டும். அதற்கு ஈடான இயந்திரம் இல்லை.

கிணற்று நீருக்கும் இது சர்வரோக நிவாரணியன்று. பசளை மிகுதியாற் சேர்ந்த நைத்திரேற்றை ஓசோன் அகற்றாது. கடல்நீர் கசிந்த கிணறுகளிலுள்ள புரோமைட்டையோ அது புரோமேற்றாக மாற்றிவிடக்கூடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேல் புரோமேற்று இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இயந்திரத்தை நாற்புறமும் திறந்த கொட்டிலில் வைப்பாராக. மண்ணும் சருகும் இருப்பின் ஓசோன் அவற்றிலேயே செலவாகும். ஆதலின் வல்லாரை, லீக்ஸ் முதலியவற்றை முதலிற் சாதாரண நீரில் அலசுக. தொய்வு நோயாளரையும் சிறுவரையும் அருகில் விடவேண்டாம். இயற்கை இறப்பர்க் குழாய் பூட்டப்பட்டிருப்பின் உடனே மாற்றுக. ஓசோன் பட்ட இறப்பர் வெடித்துப் பிளக்கும், வாயுவும் அவ்வழியே கசியும்.