துருப் பிடித்த கதவு

மாடம்பாக்கத்துக்குச் சில மைல் மேற்கே, பெருங்களத்தூர் – வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-ஆம் வருஷம் அங்கிருந்து ஹெரால்டு கார் வெளிவரத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் பிறந்த வண்டி, இரண்டே கதவு. பாட்டியும் பேரக் குழந்தைகளும் பின் ஆசனத்தில் ஏறுவது எப்படி? ஆகவே, 1960-களின் பிற்பகுதியில், பிற தேசங்களில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை இங்கே செய்தார்கள். 1988-இல் அத்தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றுவிட்டது. பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுகிறவர்கள் இன்னும் உண்டு. அவர்களுடைய பரம சத்துரு துருதான். புது வண்டிக்காரர்களையும் அது விட்டுவைப்பதில்லை.

மழைநீர் ஜன்னல் கண்ணாடியின் ஓரமாக வழிந்து கதவுக்குள்ளே இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்கென்றே கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். புழுதியும் சருகும் அவற்றை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கும். 2015 டிசம்பர் 2-ஆந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்ற வண்டியின் கதவுக்குள் சேறும் படிந்துவிடும். வெளியே வர்ணம் கொப்புளித்துத் தெரிவதற்குள், உள்ளே தகடு பாதி அரிக்கப்பட்டிருக்கும்.

கொப்புளத்தின்மேல் பட்டி பூசி வர்ணம் அடித்துவிட்டால் செலவு குறைவுதான். ஆனால் துரு உள்ளிருந்து வருவது; பட்டியின் பின்னால் அது நிம்மதியாகத் தன் வேலையைத் தொடரும். கீல் பொருந்திய இடமும் பூட்டுப் பொருந்திய இடமும் இற்றுப்போனால், ஓடுகிற வண்டியில் கதவு திறந்துகொள்ளவும் கூடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நம் குழந்தை என்பதை மறக்கலாகாது.

கதவைக் கழற்றிச் செய்வதே சரியான வேலை. தற்கால வண்டிகளில் கதவுக்குள் மின்சாரக் கம்பிகள் ஓடுவதால், முதலில் பாட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு கீல் தகட்டைச் சுற்றிக் கூரிய முனையால் கோடு கீறிக்கொள்ள வேண்டும். இந்தக் கோடு இல்லாவிட்டால், திரும்ப மாட்டும்போது அரை நாள் வீணாகும். கீலுக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருந்தால், எது மேல் கீலுக்கு, எது கீழ்க் கீலுக்கு என்று எழுதித் தனித்தனியே கட்டி வைக்க வேண்டும். கதவின் அடியில் சாக்கு சுற்றிய முக்காலி. பக்கத்தில் ஓர் ஆள். கதவைத் தடுத்து நிறுத்தும் பட்டையை விடுவித்து, கீழ்க் கீலை முதலிலும் மேல் கீலைக் கடைசியிலும் கழற்றுவது வழக்கம்.

டிங்கர், அரித்த பாகத்தை நல்ல இரும்பு வரும் வரையில் வெட்டி, அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பற்றவைப்பார். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்; ஆதலால் இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக, ஆறவிட்டு வைப்பதே கைதேர்ந்தவருடைய வழக்கம். உட்புறத்துக்கும் துருத் தடுப்பு வர்ணம் பூசினாரா என்று கேளுங்கள். வெளிப்புறத்தை யாரும் மறப்பதில்லை!

மாட்டும்போது மேல் கீல் முதலில். போல்ட்டுகளைத் தளர்வாக வைத்து, பழைய கோட்டோடு பொருத்தி, மெதுவாகச் சாத்திப் பார்க்க வேண்டும். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருந்தால்தான் முறுக்கலாம். பிறகு ஒரு காகிதத் துண்டை ரப்பர் விளிம்பில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் மழையும் அவ்விடத்தில் தடையின்றிப் புகும்.

இத்தனை சிரமத்தையும் தவிர்க்க வழி ஒன்று உண்டு. அதற்குத் தம்படி செலவில்லை. ஐப்பசி பிறக்குமுன் ஒரு தென்னங்குச்சியை எடுத்துக்கொண்டு, கதவின் அடித்துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.