பில்லின் அடியில் இருக்கும் பத்து வீதம்

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளில் ஒருவர் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வெள்ளைத் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் கனமான மாட்டிறைச்சித் துண்டு. மறுபக்கத்தில் இரண்டாகப் பிளந்து வெண்ணெய் ஊற்றிச் சுட்ட சிங்க இறால். அவர் பரிமாறும் வேலை செய்கிற பெரிய உணவகத்தில் பேர்போன சாப்பாடு அதுதான். இறைச்சி வெளிநாட்டிலிருந்து வருகிறதாம். இறால் நம் நாட்டுக் கடலில் பிடித்தது.

"எவ்வளவு தம்பி?" என்று வயதான ஒரு தாய் கேட்டார்.

"இறாலுக்கு விலை போட்டிருக்க மாட்டாங்க அம்மாச்சி. மெனுவில 'சந்தை விலை'ன்னு மட்டும்தான் இருக்கும். நிறுத்துப் பார்த்துட்டுச் சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நிறுவையின் அருமை தெரியாதவர்களா நாம்?

இந்த இடத்தில் எமது பத்திரிகை வழக்கமாக என்ன எழுதும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்தத் தட்டின் விலையையும் கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது நியாயமா என்று கேட்கும். அந்தக் கேள்வி பிழையானதல்ல. ஆனால் அதை எழுதி முடித்ததும் கோபம் தீர்ந்துவிடுகிறது, வேறெதுவும் மாறுவதில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர் எமது எதிரியும் அல்ல. அவர் வராவிட்டால் எமது பிள்ளைக்கு வேலை இல்லை. ஆகவே இம்முறை தட்டை விட்டுவிட்டுப் பில்லைப் பார்ப்போம்.

பில்லின் அடியில் 18 வீதம் பெறுமதி சேர் வரி இருக்கும். அதற்கு மேலே ஒரு வரியில் சேவைக் கட்டணம் 10 வீதம் என்று இருக்கும். சாப்பிட்டவர் ஆயிரம் ரூபாவுக்கு நூறு ரூபா கூடுதலாகக் கட்டுகிறார். பரிமாறியவருக்கும் சமைத்தவருக்கும் கோப்பை கழுவியவருக்கும் அது போய்ச் சேருகிறது என்று நம்பித்தான் கட்டுகிறார். நல்ல ஏற்பாடுதான்.

அந்தத் தம்பியிடம் விசாரித்தோம். அவருக்கு ஒரு சிறிய அடிப்படைச் சம்பளம். அதற்கு மேலே சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கு. அந்த மாதம் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எத்தனை பேருக்குப் பிரிந்தது, உடைந்த கண்ணாடிக்காக எவ்வளவு கழிந்தது என்று எந்தத் தாளும் அவர் கண்ணில் பட்டதில்லை. கையில் வருவதை வாங்கிக்கொள்வார். ஊழியர் சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும்தான் பணம் போகிறது. வேலைக்குச் சேர்ந்தபோது, "இங்கே சம்பளத்தைப் பார்க்காதே, சேவைக் கட்டணத்தைப் பார்" என்று சொன்னார்களாம்.

அந்தத் தம்பிக்கு இது புதிய கதை. அவருடைய அம்மாவுக்குப் பழைய கதை.

2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். நாட்சம்பளம் 620 ரூபா என்றார்கள். உள்ளே அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. வருகைக் கொடுப்பனவு 140. விலைப் பங்குக் கொடுப்பனவு 30. 2016இல் 730 ரூபா என்றார்கள். அதில் அடிப்படை 500 ரூபாதான். வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்குக்கு 30. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வராதவருக்கு வருகைக் கொடுப்பனவு இல்லை. குறித்த கிலோ எடுக்காதவருக்கு உற்பத்திக் கொடுப்பனவு இல்லை. மழையில் கொழுந்து இல்லாத மாதத்தில் 730 என்பது பேப்பரில் இருந்தது, கையில் இருக்கவில்லை.

கையில் குறைந்ததை விடப் பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்டுகிறார். 2016இல் வருகைக்கும் உற்பத்திக்கும் என்று ஒதுக்கிய 200 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்திருந்தால், நாளொன்றுக்கு 30 ரூபா கூடுதலாக எமது பெயரில் ஏறியிருக்கும். வருடத்தில் 250 நாள் வேலை செய்தவருக்கு அது 7,500 ரூபா. சேவைக்காலப் பணிக்கொடையும் அதேபோலத்தான். ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாட் சம்பளம் என்று கணக்கிடும்போது கொடுப்பனவுகள் கணக்கில் வருவதில்லை. முப்பது வருடம் மலை ஏறி இறங்கியவர் கடைசியில் வாங்கிய தொகை ஏன் அவ்வளவு சிறுத்தது என்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனபோதும், 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 900உம் 100உம் சேர்ந்து ஆயிரமானபோதும், 2024இல் 1,350 ஆனபோதும் நாம் போராடியது மொத்தத் தொகைக்காக மட்டுமல்ல. அது எந்தப் பெயரில் வருகிறது என்பதற்காகவும்தான். 2026 ஜனவரி முதல் 1,750 என்கிறார்கள். அதிலும் சம்பளம் 1,550தான். மிகுதி 200 ரூபா அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு. கொடுப்பதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாளை ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் அந்த 200 காணாமற்போனால் யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் கேட்கிறோம்.

சேவைக் கட்டணத்துக்கும் இதே கதிதான். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ஹோட்டல்கள் வெறிச்சோடின. 2020இல் கொவிட் வந்தது. 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. விருந்தாளி இல்லையென்றால் பில் இல்லை. பில் இல்லையென்றால் பத்து வீதமும் இல்லை. எஞ்சியது அந்தச் சிறிய அடிப்படைச் சம்பளம் மட்டுமே. வியாபாரத்தின் நட்டம் முதலில் விழுந்தது கோப்பை கழுவியவர் தலையில்.

இறைச்சியையும் இறாலையும் ஒரே தட்டில் வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் பேர்பெற்றது. அங்குள்ள கதையையும் பார்ப்போம். அந்நாட்டு மத்திய சட்டப்படி, சந்தோசப் பணம் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணித்தியாலத்துக்கு 2 டொலர் 13 சதம் கொடுத்தால் போதும். சந்தோசப் பணத்தையும் சேர்த்து அது குறைந்தபட்சச் சம்பளமான 7 டொலர் 25 சதத்துக்கு வராவிட்டால்தான் முதலாளி மிகுதியைக் கொடுக்க வேண்டும். 1991 முதல் அந்த 2 டொலர் 13 சதம் அசையவில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்த வழக்கத்தை ஏற்காமல் முழுச் சம்பளத்தையும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்கின்றன.

அதே நாட்டில் ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் பயணிகளின் சந்தோசப் பணத்தை நம்பித்தான் வாழ்ந்தார்கள். 1925இல் ஏ. பிலிப் ராண்டொல்ப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். புல்மன் கம்பனியுடன் ஒப்பந்தம் கைச்சாத்திட 1937 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளம் கூடியது, வேலை நேரம் குறைந்தது. பயணியின் மனதை நம்பாமல் ஒப்பந்தத்தை நம்பி வாழ வழி பிறந்தது.

இதை நாம் சொன்னபோது அந்தத் தம்பி மறுத்துப் பேசினார். "டிசெம்பர் மாசத்தில சேவைக் கட்டணம் சம்பளத்தை விடக் கூட வரும். அதில கை வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டிசெம்பரில் வரும் அந்தப் பணம்தான் வீட்டுக் கூரைக்குத் தகரமாகிறது என்பதும் எமக்குத் தெரியும். அதை ஒழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சேவைக் கட்டணம் சம்பளத்துக்கு மேலே வர வேண்டும். சம்பளத்துக்குப் பதிலாக வரக் கூடாது. டிசெம்பர் நன்றாக இருப்பதால் மே மாதத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

எமது நிலைப்பாடு மூன்று. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அந்தத் தொகை சேவைக் கட்டணம் கலக்காத சம்பளமாகவே இருக்க வேண்டும். மாதந்தோறும் சேர்ந்த சேவைக் கட்டணமும் அது பிரிக்கப்பட்ட விதமும் ஊழியர் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். ஒழுங்காகக் கிடைக்கும் பங்கின் மீதும் சேமலாப நிதி கட்டப்பட வேண்டும்.

எமது மக்களில் எத்தனையோ பேர் இன்று தோட்டத்தில் பேர் போடுவதில்லை. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் நிற்கிறார்கள். தோட்டத்தில் பேர் இல்லாததால் அவர்கள் சங்கத்திலும் இல்லை. இது எமது தவறு. தாய்க்கு அரைப்பேர் போட்டால் கேட்க நாம் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வீதம் பிரித்தால் கேட்க யாரும் இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். வேலைத்தலத்தில் 40 வீதத்தினர் சேர்ந்தால் முதலாளி அதை அங்கீகரித்துப் பேசியாக வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தோட்டத்தில் நாம் பழகிய வேலைதான் இது.

தலைவர்மாரும் தலைவிமாரும் பொங்கலுக்கு வீடு வரும் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நியமனக் கடிதம் இருக்கிறதா? சேமலாப நிதி இலக்கம் தெரியுமா? சம்பளச் சீட்டு தருகிறார்களா? இல்லை என்ற பதில் வந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

அந்தத் தம்பி இரவு பஸ்ஸுக்குப் புறப்படுமுன், சேமலாப நிதி மீதியை எப்படிப் பார்ப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். படத்தைக் காட்டியபோது இருந்த சிரிப்பு அப்போது அவர் முகத்தில் இல்லை. ஆனால் கேட்டாரே, அது போதும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.