செம மச்சி... அப்புறம்?

காலேஜ் போட்டோகிராஃபி கிளப்பில் படம் பார்க்கிற நேரம் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம், விருதுநகர் பஜார், இருக்கன்குடி என்று சுற்றிவிட்டு வந்த கூட்டம், மறுநாள் சாயங்காலம் ஒரு கிளாஸ்ரூமில் உட்கார்ந்திருக்கும். முதல் படம் வரும். ‘செம மச்சி!’ ரெண்டாவது படம். ‘பின்னிட்டடா!’ மூணாவது, கொஞ்சம் ஆகாத ஆளோட படம். ‘மொக்கை.’ அவ்ளோதான், டீ குடிக்கக் கிளம்பிடுவாங்க.

யோசிச்சுப் பாருங்க பாஸ்... ‘செம’ வாங்கினவருக்கும் ‘மொக்கை’ வாங்கினவருக்கும் கையில் கிடைச்சது ஒண்ணுதான். பூஜ்யம்! எது நல்லா வந்திருக்குன்னு அவருக்கும் தெரியாது, எதை மாத்தணும்னு இவருக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறும் ரெண்டு பேரும் அதே மாதிரிதான் எடுப்பாங்க.

ப்ரூஃப் பார்க்கிற ஊராச்சே!

இத்தனைக்கும், குறை சொல்றது எப்படின்னு கத்துக்க நாம வெளியூர் போக வேண்டியதே இல்லை. சிவகாசியில் ஏதாவது ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் போய் நின்னு பாருங்க. காலண்டரோ கல்யாணப் பத்திரிகையோ, மெஷின் முழு வேகத்தில் ஓடுறதுக்கு முன்னாடி ப்ரூஃப் பார்ப்பாங்க. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு... நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காரணும். மயிரிழை விலகினாலும் காலண்டர் முருகனுக்கு ரெண்டு மூக்கு தெரியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஷீட்டோட ஓரத்தில் கூட்டல் குறி மாதிரி அடையாளங்கள், பார்க்கிறவர் கையில் ஒரு குட்டி லென்ஸ்.

அனுபவமுள்ள ஆள் அங்கே ‘ஷீட் மொக்கை’ன்னு சொல்ல மாட்டார். பேனாவால் ஒரு வட்டம் போடுவார். ‘இந்த இடத்துல மெஜந்தா தூக்கலா இருக்கு, குறைங்க.’ இடம், குறை, செய்ய வேண்டிய வேலை... மூணும் ஒரே வரியில். மெஷின்காரர் கோவிச்சுக்க மாட்டார். ஏன்னா, வட்டம் விழுந்தது ஷீட் மேல, அவர் மேல இல்லை. இப்போ ஒரு வட்டம் போடலைன்னா அப்புறம் கட்டுக்கட்டா காகிதம் குப்பைக்குப் போகும்னு அவருக்கும் தெரியும்.

நம்ம கிளப்புக்கும் அதே ஃபார்முலாதான். ‘பேக்ரவுண்ட் சரியில்லை’ன்னு மொட்டையா சொல்லாதீங்க. ‘தாத்தா தலையில இருந்து லைட் கம்பம் முளைச்ச மாதிரி இருக்கு. ரெண்டடி இடது பக்கம் நகர்ந்திருந்தா தப்பிச்சிருக்கலாம்’னு சொல்லுங்க. ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்கிற வார்த்தை மட்டும் வரவே கூடாது. பேச்சு படத்தைப் பத்தி, ஆளைப் பத்தி இல்லை.

பாராட்டுக்கும் இதே ரூல்தான். ‘பாட்டியோட கையில மட்டும் வெளிச்சம் விழுந்திருக்கு, அதனால கண்ணு நேரா அங்கே போகுது’ன்னு சொல்லிப் பாருங்க. எடுத்தவர் அதைத் தெரிஞ்சே அடுத்த தடவையும் செய்வார்.

என்ன சொல்றதுன்னே தோணலையா? படத்தைத் தலைகீழாத் திருப்புங்க. பிரான்ஸ் நாட்டு மேதை ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் படங்களை அப்படித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். தாத்தாவும் கோபுரமும் மறந்துபோய், வடிவமும் வெளிச்சமும் மட்டும் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பக்கம் கனம் கூடிப்போச்சுன்னு பட்டுனு பிடிபடும்.

வட்டமா, ஓட்டையா?

நாலு பேர் உட்கார்ந்து படங்களை எடை போடுறது தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. 1855-ல் மெட்ராஸில் நடந்த கண்காட்சியில், லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி தன்னுடைய 68 படங்களை வெச்சார். நடுவர்கள் அதைச் சிறந்த தொகுப்புன்னு பாராட்டினாங்க. அடுத்த வருஷமே மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராஃபர் வேலை அவருக்குக் கிடைச்சது. 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் அவர் எடுத்த படங்கள் இன்னைக்கும் பொக்கிஷம். மெட்ராஸுக்குன்னு ஒரு போட்டோகிராஃபிக் சொசைட்டி வந்ததும் அதே 1850-களில்தான்.

நல்லபடியா சொன்னா இப்படி. சொல்ற விதம் தப்பினா? அதுக்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கு. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நொடிச்சுப்போன விவசாயிகளைப் படம் எடுக்க அந்த நாட்டு அரசாங்கமே ஒரு டீம் வெச்சிருந்தது. டாரத்தியா லாங், வாக்கர் எவன்ஸ் எல்லாம் அதில் இருந்தவங்க. டீமுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். ஊர் ஊரா சுத்துற போட்டோகிராஃபர்களுக்கு என்னென்ன எடுக்கணும்னு விவரமா குறிப்பு எழுதி அனுப்புறதில் கில்லாடி. ஆனா, தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களுக்கு அவர் செஞ்சது என்ன தெரியுமா? பஞ்சிங் மெஷினால் ஓட்டை!

ஏன் பிடிக்கலைன்னு ஓட்டை சொல்லுமா? எடுத்தவங்க கொதிச்சுப் போனாங்க. பிற்பாடு அந்தப் பழக்கம் நின்னுபோச்சு. ஆனா வயல் நடுவிலும் மனுஷ முகத்திலும் கறுப்பு வட்டம் விழுந்த அந்தப் படங்கள், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இன்னும் இருக்கு. சிவகாசியில் போட்டதும் வட்டம்தான், இங்கே விழுந்ததும் வட்டம்தான். அது திருத்துச்சு, இது அழிச்சிடுச்சு. ‘மொக்கை’ங்கிறது நம்ம வாயில இருக்கிற பஞ்சிங் மெஷின், மக்களே!

வாங்கிக்கிறதும் வித்தைதான்

உங்க படம் திரையில் இருக்கும்போது நீங்க பேசாதீங்க. ‘அன்னைக்கு வெளிச்சமே இல்லை... பஸ் லேட்டு... கேமரா ஓசி...’ இதெல்லாம் வேண்டாம். நாளைக்கு உங்க படம் போற இடத்துக்கெல்லாம் கூடவே போய் நின்னு விளக்கம் சொல்ல முடியுமா என்ன? நோட்டை எடுத்து எழுதிக்கோங்க. ராத்திரி தூங்கி எழுந்து, மறுநாள் படிங்க. நேத்து குத்தினதில் பாதி இன்னைக்கு குத்தாது.

ஒருத்தர் சொன்னா அது அவரோட ரசனையா இருக்கலாம். மூணு பேர் ஒரே இடத்தைக் காட்டினா அங்கே ஏதோ சங்கதி இருக்கு. அதுக்காக அவங்க சொல்ற வைத்தியத்தையே செய்யணும்னு இல்லை. வலிக்கிற இடத்தை அவங்க காட்டட்டும், மருந்தை நீங்க முடிவு பண்ணுங்க.

நம்ம ஊருக்குன்னு சில கேள்விகள்

இதுவரை சொன்னது எந்த ஊர் கிளப்புக்கும் பொருந்தும். பட்டாசு ஊர்க் கிளப்புக்கு இன்னும் கொஞ்சம் பொறுப்பு இருக்கு.

அலுமினியப் பவுடர் படிஞ்சு வெள்ளி மாதிரி மின்னுற ஒரு அக்காவோட கை, முகம். கேமராவுக்கு விருந்துதான். ‘கலர் அள்ளுதுப்பா’ன்னு கிளப்பே கைதட்டும். தட்டுறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க. அந்த அக்காகிட்ட கேட்டுட்டு எடுத்தியா? முகம் தெரியுறதால நாளைக்கு அவங்க வேலைக்கு ஏதும் வில்லங்கம் வருமா? படத்துக்குக் கீழே என்ன எழுதப்போறே? இந்தக் கேள்விகளை அந்த அக்கா வந்து கேட்கப்போறதில்லை. கிளப்பில் இருக்கிற நாமதான் கேட்கணும்.

நாலாவது கேள்விதான் முக்கியம். எங்கே நின்னு எடுத்தே? மருந்து புழங்குற இடத்துக்கு ஒரு பொறி போதும். அங்கே செல்போனுக்கும் கேமராவுக்கும் வேலையே இல்லை. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டி வெடிவிபத்தில் 35 பேருக்கும் மேல் போய்ச் சேர்ந்தாங்க. அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவங்களே இல்லை. காப்பாத்தலாம்னும், என்ன ஆச்சுன்னு பார்க்கலாம்னும் ஓடிப்போன அக்கம்பக்கத்து ஜனங்க.

இப்போ எல்லார் பாக்கெட்டிலும் கேமரா இருக்கு. புகையைப் பார்த்ததும் அதைத் தூக்கிட்டு ஓடி, யாராவது ஒரு படத்தோட கிளப்புக்கு வந்தா, ‘கெத்துடா’ன்னு சொல்ற ஒவ்வொருத்தரும் அடுத்த ஆளை நெருப்புக்கு நாலடி கிட்டே தள்ளுறாங்க. நீங்க எதைப் பாராட்டுறீங்களோ, அடுத்த வாரம் எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க.

‘இந்தப் படத்தை நீ எடுத்திருக்கவே கூடாது’ன்னு சொல்ல வேண்டிய நாளும் வரும். அதைச் சபையில் சொல்லாதீங்க. டீக்கடைக்குத் தனியா கூட்டிட்டுப் போய், தோள்ல கை போட்டுச் சொல்லுங்க. ஆனா, சங்கடமா இருக்கேன்னு சொல்லாம மட்டும் விட்டுடாதீங்க.

சரி, இந்த வாரம் ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு படத்தைப் பிரின்ட் போட்டு, ஒரு சிவப்புப் பேனாவோட சுத்துக்கு விடுங்க. ஒவ்வொருத்தரும் ஒரு வட்டம், ஒரு வரி. ‘செம’, ‘மொக்கை’ ரெண்டு வார்த்தைக்கும் தடா. மீறிச் சொல்றவங்க, மொத்த கிளப்புக்கும் விருதுநகர் எண்ணெய் பரோட்டா வாங்கித் தரணும்.

முதல் வாரம் எப்படியும் வயிறு நிறைஞ்சிடும். நாலாவது வாரம் படம் நல்லா வர ஆரம்பிச்சிருக்கும்!